ஆணையும் உறுதியும்

ஆங்கிலத்திலே 'ஸ்வேர்' என்றொரு சொல். 'அஃபர்ம்' என்று மற்றொரு சொல். இரண்டும் வாக்களிப்பதைக் குறிப்பனவே. எனினும், முன்னது ஆண்டவனைச் சாட்சிக்கு அழைப்பது. பின்னது, பேசுபவனின் நெஞ்சையே சாட்சியாக்குவது. முன்னதற்கு வசைபாடுதல் என்ற பொருளும் உண்டு—ஆணைக்கும் வசைக்கும் ஒரே சொல்! பின்னதோ, 'உறுதி' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலே முளைத்தது.

சொல் வேறுபாடுதானே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பீர்! தோழர்களே, இந்த வேறுபாட்டுக்காக ஆறாண்டுகள் போராடினார் ஒரு மாவீரர்.

உறுதிமொழி உரிமையை முதலில் கேட்டவர்கள் நாத்திகரல்லர். பக்தி மிகுந்த குவேக்கர்கள். ஆணையிடுவதை ஏசுவே தடுத்தார் என்பது அவர்கள் வாதம். அதனை ஏற்று, 1833-இல் ஜோசப் பீஸ் எனும் குவேக்கரை, உறுதி மட்டுமே கூறவைத்து உள்ளே அழைத்துக்கொண்டது காமன்ஸ் சபை.

பக்தருக்குத் திறந்த அந்தக் கதவு, பகுத்தறிவாளருக்குத் திறந்ததா? 1880-இல் நார்தாம்ப்டன் மக்கள் தேர்ந்தெடுத்தனுப்பிய சார்லஸ் பிராட்லா, "உறுதி கூறுகிறேன்" என்றார், மறுத்தனர். "அவ்வாறாயின் ஆணையே எடுக்கிறேன்" என்றார்; நம்பிக்கையற்றவர் ஆணையிடுவதா என்று அதனையும் தடுத்தனர்! வெளியேற மறுத்தவரை, ஜூன் 23-ஆம் நாள், நாடாளுமன்ற மணிக்கூண்டிலே சிறை வைத்தனர். சபை விரட்டியது; மக்களோ 1881, 1882, 1884 என மூன்று இடைத்தேர்தல்களிலும் அவரையே அனுப்பினர். 1886-இல்தான், ஆணை எடுத்து, அமர இடம் பெற்றார். தான் பட்ட பாடு பிறர் படலாகாதென்று, விரும்பியவர் உறுதி கூறும் உரிமையை 1888-இல் சட்டமாக்கவும் செய்தார்.

நம் அரசியல் சட்டமோ, தொடக்கத்திலேயே இரு வழிகளையும் வைத்தது. 1967 மார்ச் 6-இல் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும், ஆண்டவன் பெயரால் அல்ல, உளமார உறுதி கூறிப் பொறுப்பேற்றனர்.

உறுதி, ஆணையினும் எளிதென எண்ணற்க! ஆணையை மீறியவன், கோயிலிலே பரிகாரம் தேடி, குற்றம் கழிந்ததென்று திரும்பலாம். உறுதியை மீறியவனுக்குப் பரிகாரம் எங்கே உண்டு? உண்டியலும் இல்லை, உடைக்கத் தேங்காயும் இல்லை. கேள்வி கேட்க அவன் நெஞ்சும் நாட்டு மக்களும் மட்டுமே. எனவே, இளைஞர்காள், உளமார என்று சொல்வோர்க்கே பொறுப்பு மிகுதி! அச்சொல்லைச் சொல்லும் உரிமையைப் போராடிப் பெற்றனர் நம் முன்னோடிகள். சொன்னபடி நடந்து காட்டும் கடமை நம்முடையது.