புழுங்கலரிசி காட்டிய வழி

உண்ட உணவு உடலுக்கு ஒவ்வாமற் போனால் குற்றம் எங்கேயுள்ளது? உணவிலே நஞ்சு உள்ளதா? உண்பவனின் உடலிலே குறையா? அன்றி, உணவில் இருக்கவேண்டிய ஒன்று இல்லாமற் போயிற்றா? இம்மூன்றையும் பிரித்தறிய அறிஞர் பட்ட பாட்டின் ஒரு பகுதி மலாயா மண்ணிலேயே நிகழ்ந்தது. தமிழர் உண்ட புழுங்கலரிசிக்கு அவ்வரலாற்றில் தனியிடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், மூச்சுத் திணறும், முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். அதே நாட்டில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை இந்நோய் அரிதாகவே அண்டியது. இன வேறுபாடே காரணம் என்று கருதுவது எளிது. ஆனால், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இருசாராரின் சோற்றையும் ஒப்பிட்டார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பழகிய வெள்ளையரிசியில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. 1907இல் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

இக்கருத்தைச் சோதித்தவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் இல்லம். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றை எண்ணினர்க்கு வெள்ளையரிசியும் இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். ஓராண்டு கழிந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் மாண்டவர் ஒருவருமில்லை. இச்சோதனைக்கு ஆளானோர் இசைவு தரும் நிலையில் இருந்தவரல்லர். இன்றைய மருத்துவ அறம் இதனை ஒப்பாது. நாம் பெற்ற அறிவுக்கு அவர்கள் உயிரை விலையாகத் தந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் ஜெலபுப் பகுதியில் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்தனர். அங்கும் வெள்ளையரிசி உண்டவரிடமே நோய் தோன்றியது. அரிசியைத் தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்று அவர்கள் காட்டினர். நஞ்சு இருந்ததன்று, சத்து இல்லாததே காரணம் என்பது தெளிவாயிற்று. இதற்கு முன்பே ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்த எய்க்மன் 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தயமின் எனப்படும் அச்சத்து 1926இல் ஜாவாவில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய வில்லியம்ஸ் நம் நெல்லூரிற் பிறந்தவர்.

புழுங்கலரிசியின் மறைபொருள் யாது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்பு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் மூதாட்டியர் இக்காரணத்தை அறிந்தவரல்லர். ஆயினும் அவர்தம் கைப்பழக்கம் கடல் கடந்து உயிர் காத்தது.

டெங்கில் வட்டாரத் தோட்டங்கள் பல இன்று நகரங்களாக மாறிவிட்டன. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா நிற்கிறது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் புழுங்கலரிசியைப் பழைமை என்று இகழவேண்டியதில்லை.

இன்னொரு பாடமும் இதிலுண்டு. இறாலோ நிலக்கடலையோ உண்டவுடன் சிலருக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருவது, தீங்கற்ற புரதத்தை உடலின் காப்பு ஆற்றல் பகையென மயங்குவதால். பால் குடித்தால் வயிறு பொருமுவது, பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால். பெரிபெரியோ சத்துக் குறையால் வருவது. நோய் உணவோடு வந்தாலும் காரணம் ஒன்றன்று. பிராடன் கண்டது உண்மை. கூறிய காரணம் பிழை. ஆதலின், உணவின்மேல் ஐயம் எழுந்தால் ஊகத்தால் ஒதுக்காது மருத்துவரை நாடிச் சோதித்தறிதலே முறையாகும்.