உரைகல்லும் கட்டளை வரியும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வருதல் இயல்பு. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற அவ்விதிகளைப் பள்ளிப் பாடநூல்களும் பேசுகின்றன. அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு கல்வெட்டும் பராந்தகன் காலத்தில் அவ்வூரில் உண்டு. ஊரார்க்குப் பொன் மாற்றுப் பார்த்துச் சொல்வோரைப் பற்றியது அது.

பொன்னை உரைகல்லில் தேய்த்து, மாற்றறிந்த ஆணி இட்ட கோட்டோடு அக்கோட்டை ஒப்பிடுவது பழைய முறை. கல்லில் ஒட்டிய துகளை மெழுகால் ஒற்றி எடுப்பர். மாற்றுக் காணத் தெரிந்தோர் பெயர்களையே ஓலையிலெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், பொன் ஒட்டிய மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் மகாசபை விதித்தது. கல்லும் ஆணியும் மட்டும் போதா. உரைப்பவர் கையையும் ஊர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

பெஞ்ச்மார்க் எனப்படும் கணினி அளவீட்டு நிரல்களை இக்காலத்து உரைகல் எனலாம். அவற்றுள் புகழ்பெற்றது 1979இல் ஜாக் டொங்காரா முதலியோர் வெளியிட்ட லின்பேக். பல மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைக் கணினியிடம் தந்து, அவற்றைத் தீர்க்க ஆகும் நேரத்தை அளப்பது அதன் வழி. 1993 முதல் வெளிவரும் டாப்500 மீக்கணினிப் பட்டியலுக்கு அடிப்படையும் அதுவே.

அதன் இன்றைய வடிவமான எச்பிஎல்லில் சாளரமில்லை, பொத்தானில்லை. அணியின் அளவு, துண்டத்தின் அளவு, செயலிகளை அடுக்கும் முறை ஆகியவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்து, ஒற்றை வரிக் கட்டளையால் ஏவ வேண்டும். முடிவில் வேகம் மட்டுமன்று, விடையின் பிழை வரம்புக்குள் அடங்கியதா என்ற தீர்ப்பும் அச்சாகும். விடை தவறினால் வேகத்துக்கு மதிப்பில்லை. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளை இணைத்து உருவாக்கிய ‘கப்ரு’ 2004இல் டாப்500 பட்டியலில் இடம்பெற்றது இந்த உரைகல்லில் உரசித்தான். அதன் வேகம் ஏறத்தாழ 1 டெராஃப்ளாப்.

உரைகல்லை ஏய்க்கும் முயற்சிகளும் கூடவே வளர்ந்தன. 1988இல் தோன்றிய ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்றொரு நிரல் இருந்தது. தொகுப்பிகள் அந்நிரலுக்கென்றே கூர்மையாக்கப்பட்டதும் அதன் எண்கள் தாவியேறின. பொதுவான வேகத்தை அவை காட்டவில்லை. 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது நீக்கப்பட்டது. 2024இலும், இன்டெல் தொகுப்பி ஒரு நிரலுக்கு மட்டும் தனிச்சலுகை செய்ததாகக் கூறி, 2600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஸ்பெக் செல்லாதவையாக்கியது.

இக்கண்டுபிடிப்புகள் இயல்வதற்குக் காரணம், எந்தத் தொகுப்பி, எந்தத் தெரிவுகள், எந்த அமைப்பு என்பவற்றை முடிவோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்ற ஸ்பெக்கின் விதி. கட்டளை வரியின் பெருமையும் இதுவே. சுட்டியால் அழுத்திய பொத்தான்கள் சுவடின்றி மறையும். எழுதிய கட்டளை நிற்கும். ஐயமுற்றவர் அதே வரியைத் தம் கணினியில் ஏவிப் பார்க்கலாம்.

கணினி வாங்குவோர்க்குப் பெரிய எண்ணொன்றைக் காட்டி விலை சொல்லும் வணிகம் இன்றும் நடக்கிறது. அரசுப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வாங்கப்படுவது மக்கள் வரிப்பணத்தில். எண்ணைக் காட்டுவோரிடம் அதைத் தந்த கட்டளையையும் கேட்பது நம் உரிமை. பொன்னை உரைத்துப் பார்த்தவரிடம் மெழுகையும் கேட்டு வாங்கிய ஊர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழக்கத்தைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறது.