கடலுக்கு அப்பால் ஒரு முடி

அமெரிக்க விடுதலைப் போரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் ஒரு செய்தி எனக்கு வியப்பளிப்பதுண்டு. 1775-ஆம் ஆண்டு ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, குருதியும் சிந்திற்று. ஆயினும் அங்குக் குடியேறியிருந்த மக்களுள் பெரும்பாலோர் மன்னரை வெறுத்தாரல்லர். தவறு பார்லிமெண்டினுடையது, அமைச்சர்களுடையது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நம் குறையறிந்தால் நீதி வழங்குவார் என்றே நம்பினர். ஜூலையில் சமாதானம் வேண்டி விண்ணப்பமும் விடுத்தனர். மன்னர் அதனைப் பெறவே மறுத்தார். குடியேற்ற நாடுகள் கலகம் புரிகின்றன என்று ஆகஸ்டு 23-ஆம் நாள் அரச அறிவிப்பும் பிறந்தது.

அப்போதும் பற்று அறவில்லை. கடிந்தாலும் தாய்நாடு தாய்நாடுதானே என்று மக்கள் மயங்கினர். அம்மயக்கத்தைத் தெளிவித்தது, 1776 ஜனவரி 10-ஆம் நாள் பிலடெல்பியாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ஒரு சிறு நூல். அதன் பெயர் 'காமன் சென்ஸ்'; எவர்க்கும் இயல்பாக உள்ள அறிவு என்பது பொருள். எழுதியவர் தாமஸ் பெயின். இங்கிலாந்தில் கலால் அலுவலராயிருந்து வேலையிழந்து, அமெரிக்கா வந்து ஈராண்டும் நிரம்பாதவர்.

அவர் வாதங்கள் மிக எளியவை. ஒரு குடியிற் பிறந்ததனாலேயே ஒருவன் ஆளத் தகுதியுடையவனாவானோ? தாய் என்றால், பெற்ற மக்கள்மீது படை ஏவுவாளோ? இங்குக் குடியேறியோர் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்தோர். இங்கிலாந்து மட்டும் தாயாவது எங்ஙனம்? அந்நாடு தொடுக்கும் போர்களிலெல்லாம் நாமும் ஏன் சிக்க வேண்டும்?

இவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது தொலைவு பற்றிய வாதமே. அக்காலத்தில் பாய்மரக் கப்பலன்றி வேறு வழியில்லை. ஒரு முறையீடு மூவாயிரம் மைலுக்கு மேல் கடல் கடந்து செல்ல வேண்டும்; விடை வரப் பல மாதங்கள் ஆகும்; வந்த விடையின் பொருளை விளங்கிக்கொள்ள மீண்டும் பல மாதங்கள் ஆகும். அதற்குள் குறையே உருமாறிவிடும். மன்னர் நல்லவரேயாயினும் இந்தத் தொலைவை அவரால் குறைக்க இயலுமோ? ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆள்வது இயற்கைக்கே ஒவ்வாது என்றார் பெயின்.

ஆறு திங்களுக்குள், ஜூலை 4-ஆம் நாள், விடுதலை அறிக்கை ஏற்கப்பெற்றது. அதில் அடுக்கப்பெற்ற குற்றச்சாட்டுகள் பார்லிமெண்டை நோக்கியன அல்ல, மன்னரையே நோக்கியவை. மக்கள் மனம் எவ்வளவு மாறியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் ஒன்றை நான் மறைத்தற்கில்லை. அன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாயிருந்தனர். அவர்களை ஆண்ட எசமானன் கடலுக்கு அப்பால் இல்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்தான். நாடு முழுவதும் அத்தளை அற்றது 1865-இல்தான். தொலைவிலுள்ள கொடுங்கோலைக் காணும் கண்ணுக்கு அருகிலுள்ளதும் தெரிதல் வேண்டும். அதுவே நிறைந்த விடுதலை என்பது என் துணிபு.