நிதியும் வடிவமும்: ‘கலே நகரப் பெருமக்கள்’ நினைவுச் சின்னத்தின் வரலாறு (1884–1945)

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சின் வடகடற்கரையில் உள்ள கலே நகரம், தன் வரலாற்றின் ஒரு நிகழ்வை நினைவுகூரும் பொருட்டு 1884-இல் ஒரு சிலை அமைக்கத் திட்டமிட்டது. சிற்பி ஒகுஸ்த் ரோடின் உருவாக்கிய ‘கலே நகரப் பெருமக்கள்’ என்னும் வெண்கலச் சிற்பத் தொகுதி 1895-இல் திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் பொது நன்கொடை, வங்கி நெருக்கடி, லாட்டரி, அரசு உதவி என நிதி பல வழிகளில் தேடப்பட்டது. இந்நிதி வரலாறு சிற்பத்தின் வடிவத்தையும் அது நின்ற இடத்தையும் எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பொதுக்கலை, நினைவுச் சின்னம், பொது நன்கொடை, நகர்மன்றம், ரோடின், கலே.

முன்னுரை

பொது இடத்தில் நிற்கும் ஒரு சிலையைக் காண்போர் பெரும்பாலும் இரு பெயர்களையே அறிய விரும்புகின்றனர். ஒன்று சிலைக்குரியவர் பெயர். மற்றொன்று சிற்பியின் பெயர். அச்சிலைக்கு யார் பணம் தந்தார்கள், எந்த இடம் என்று யார் முடிவு செய்தார்கள் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. ஆனால் தனிமனிதர் வாங்கும் ஓவியத்திற்கும் ஓர் ஊர் அமைக்கும் சிலைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இவ்வினாக்களில்தான் அடங்கியுள்ளது. ஊரார் பணத்தில் எழும் சிலையில் ஊரார் தம்மைக் காண விரும்புவர். சிற்பியோ தாம் கண்டதைக் காட்ட விரும்புவார். இவ்விரு விருப்பங்களும் மோதும்போது எது வெல்லும் என்பதைக் கலை மட்டும் தீர்மானிப்பதில்லை. கலே நகரின் நினைவுச் சின்னம் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1. நினைவுகூரப்பட்ட நிகழ்வு

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நிகழ்ந்த நூற்றாண்டுப் போரின் தொடக்கக் கட்டத்தில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு 1346-இல் கலே நகரை முற்றுகையிட்டார். ஏறத்தாழ பதினொரு மாதங்கள் நீடித்த முற்றுகையில் நகர மக்கள் பட்டினியால் வாடினர். பிரெஞ்சு மன்னரின் படை உதவிக்கு வந்தும் போரிடாமல் திரும்பியது. 1347 ஆகஸ்டில் நகரம் பணிந்தது.

இந்நிகழ்வை வரலாற்றுக் குறிப்பாளர் ஃபிரவாசார் விரிவாக எழுதியுள்ளார். நகரின் முதன்மையான ஆறு பெருமக்கள் தலையில் அணியின்றி, வெறுங்காலுடன், சட்டை மட்டும் உடுத்தி, கழுத்தில் கயிற்றுடன், நகரின் திறவுகோல்களை ஏந்தி வந்து சரணடைந்தால் பிற மக்களை மன்னிப்பதாக எட்வர்டு அறிவித்தார். நகரின் பெருஞ்செல்வரான யூஸ்தாஷ் த சேன் பியேர் முதலில் முன்வந்தார். மற்ற ஐவர் அவரைத் தொடர்ந்தனர். கருவுற்றிருந்த அரசி பிலிப்பா மன்றாடியதால் அறுவரும் உயிர் பிழைத்தனர். நகரம் 1558 வரை ஆங்கிலேயர் வசமிருந்தது.

இந்நிகழ்வின் தன்மை கருதத்தக்கது. இதில் போர்க்கள வெற்றி இல்லை. வாளேந்திய வீரன் இல்லை. தோற்ற நகரமொன்று தன் மக்களுக்காக ஆறு பேரைச் சாவுக்கு அனுப்பிய கதை இது. இதை எவ்வாறு சிலையாக்குவது என்பதே பின்னாளில் எழுந்த சிக்கலின் வேர்.

2. 1884-க்கு முந்தைய முயற்சிகள்

யூஸ்தாஷுக்குச் சிலை எழுப்பும் எண்ணம் 1884-இல் புதிதாகத் தோன்றியதன்று. 1840-களில் புகழ்பெற்ற சிற்பி தாவீத் தாஞ்சேயிடம் இப்பணி பேசப்பட்டது. நிதி சேரவில்லை, 1848-இன் புரட்சியும் குறுக்கிட்டது. 1860-களின் இறுதியில் சிற்பி க்லெசென்ஜேயை நாடியபோது 1870-இன் பிரெஞ்சு–பிரஷ்யப் போர் அதனையும் நிறுத்திற்று. இரு முயற்சிகளும் ஒற்றை நாயகனின் சிலையையே கருதின. இரண்டும் நிறைவேறாமல் போயின.

மூன்றாம் முயற்சிக்கு இரு சூழல்கள் துணைபுரிந்தன. முதலாவது, 1870-இன் தோல்விக்குப் பின் பிரெஞ்சுக் குடியரசு நாடெங்கும் சிலைகளை எழுப்பி வந்தது. தோல்வியிலும் மானம் காத்தோர் கதைகளுக்கு அக்காலத்தில் தனி மதிப்பு உண்டாயிற்று. இரண்டாவது உள்ளூர்க் காரணம். துறைமுகமும் கோட்டையும் கொண்ட பழைய கலே, லேஸ் உற்பத்தியால் வளர்ந்து தன்னை விஞ்சி நின்ற அண்டை ஊரான சேன் பியேருடன் 1885-இல் ஒரே நகராட்சியாக இணையவிருந்தது. பழைய கோட்டைச் சுவர்களும் அகற்றப்பட்டு வந்தன. தன் தனித்தன்மை கரையும் தருணத்தில் பழைய நகரம் தன் தொல்நினைவை வெண்கலத்தில் நிறுத்த விழைந்தது இயல்பே.

3. குழுவும் ஒப்பந்தமும்

1884 செப்டம்பரில் மேயர் ஒமேர் தெவாவ்ரேன் தலைமையில் நகர்மன்றம், நாடளாவிய பொது நன்கொடை திரட்டிச் சிலை அமைக்க முடிவு செய்தது. இதற்கெனக் குழு ஒன்றும் ஏற்பட்டது. பொது நன்கொடை என்பது அக்காலப் பிரான்சில் சிலைகளுக்குப் பணம் திரட்டும் வழக்கமான முறை. கொடுப்போர் பலராகையால் சிலை ஊர் முழுமைக்கும் உரியதாகிறது என்பது அதன் வலிமை; கொடுத்த ஒவ்வொருவரும் சிலை எப்படி இருக்கவேண்டும் என்று கருத்துரைக்கும் உரிமையைப் பெறுகிறார் என்பது அதன் மறுபக்கம்.

அப்போது நாற்பத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த ரோடின், 1880-இல் அரசு ஒப்படைத்த ‘நரகத்தின் வாயில்’ பணியில் ஈடுபட்டிருந்தார். பொது இடத்தில் பெரிய நினைவுச் சின்னம் எதுவும் அவர் கைப்பட இன்னும் எழுந்ததில்லை. எனவே இவ்வாய்ப்பை அவர் பெரிதும் விரும்பினார். ஃபிரவாசாரின் குறிப்பைப் படித்த அவர், ஒரே நாயகன் என்னும் எண்ணத்தைக் கைவிட்டு அறுவரையும் வடிக்க முன்வந்தார். ஓர் உருவத்திற்கு எதிர்பார்க்கத்தக்க தொகைக்கே ஆறு உருவங்கள் என்னும் இம்முன்மொழிவு குழுவைக் கவர்ந்தது. 1885 ஜனவரியில் 15,000 ஃபிராங்குக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். சிற்பத்தின் அடிப்படைக் கருத்து குழுவின் திட்டத்தில் இல்லை. சிற்பியின் முன்மொழிவில்தான் பிறந்தது. அறுவர் என்ற எண்ணிக்கையைச் சிக்கனமான பேரமாகக் கண்ட குழு, அதன் உட்பொருளை அப்போது முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

4. இரண்டாம் மாதிரியும் எதிர்ப்பும்

1884 நவம்பரில் ரோடின் அளித்த முதல் சிறுமாதிரி, உயர்ந்த பீடத்தின்மேல் அறுவரும் நெருங்கி நிற்பதாக அமைந்தது. யூஸ்தாஷின் தலைமை அதில் ஓரளவு தெரிந்ததால் குழு மகிழ்ந்தது. 1885-இல் அவர் அனுப்பிய இரண்டாம் மாதிரி வேறுபட்டது. அதில் எவரும் தலைவராக உயர்ந்து நிற்கவில்லை. ஒருவர் தலையைக் கைகளில் புதைத்திருந்தார். ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒருவர் திறவுகோலை இறுகப் பற்றி விறைத்து நின்றார். ஒவ்வொருவரும் தத்தம் சாவைத் தனியே எதிர்கொண்டனர்.

குழுவினர் இதனை ஏற்கவில்லை. பெருமக்களின் சோர்ந்த தோற்றம் நகரின் மானத்திற்கு ஒவ்வாதது என்றும், தலைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் தொகுதிக்கு எடுப்பான வடிவம் இல்லை என்றும் கருதினர். உள்ளூர்ப் பத்திரிகையிலும் இக்குறைகள் வெளியாயின. நினைவுச் சின்னம் கூம்பு வடிவில் உச்சியை நோக்கி எழவேண்டும் என்பது அக்காலக் கலைப்பள்ளி மரபு. அம்மரபுக்குக் கட்டுப்பட்டுத் தம் படைப்பை மாற்ற ரோடின் மறுத்துவிட்டார்.

இருதரப்பு நிலைப்பாடுகளுக்கும் காரணம் இருந்தது. தம் முன்னோரை நிமிர்ந்த நிலையில் காண விரும்பிய நன்கொடையாளரைக் குறைகூற இயலாது. ஆனால் அச்சமே அறியாதவர் சாவை நோக்கி நடப்பதில் ஈகம் ஏதுமில்லை. அஞ்சியும் நடந்தவரே ஈகியர் என்பது ரோடினின் சிற்பம் முன்வைத்த விடை.

5. பணமின்மை தந்த விடுதலை

இப்பூசல் தீர்வதற்குள் நிதி நின்றுபோனது. 1886-இல் கலேயில் ஏற்பட்ட வங்கி நெருக்கடியில் சிலைக்கெனத் திரண்ட தொகை முடங்கிற்று. புதிய நன்கொடையும் வரவில்லை. குழுவின் பணி ஏறத்தாழ உறங்கிப்போனது.

ரோடின் நிறுத்தவில்லை. ஒவ்வொருவரையும் முதலில் ஆடையின்றி முழு அளவில் வடித்து, உடலின் தசையும் எலும்பும் உணர்த்தும் நிலையை உறுதிசெய்து, பின்னர் ஆடை சேர்த்தார். 1889-இல் பாரிஸின் ஜோர்ஜ் பெத்தி கலைக்கூடத்தில் ஓவியர் கிளோத் மொனேயுடன் இணைந்து நடத்திய காட்சியில் முழுத் தொகுதியும் பிளாஸ்டர் வடிவில் வைக்கப்பட்டது. விமர்சகர்களின் பாராட்டையும் பெற்றது. அதன்பின் வார்ப்புக்குப் பணமின்றி அது ஒரு பழைய குதிரைலாயத்தில் வைக்கப்பட்டுக் காத்திருந்தது.

நிதி தடைப்பட்டதைச் சிற்பத்தின் துயரமாக மட்டும் காண்பது முழு உண்மை ஆகாது. தவணைப் பணம் தரும் குழுவே திருத்தமும் கோர முடியும். தர இயலாத நிலையில் மேற்பார்வையும் தளர்ந்தது. 1885-இல் எதிர்க்கப்பட்ட வடிவம் 1889-இல் தலைநகரின் ஏற்பைப் பெற்ற முழுப் படைப்பாக நின்றபோது, அதைத் திருத்துமாறு கேட்பதற்குக் கலே நகருக்கு வாய்ப்பே எஞ்சவில்லை. சிற்பியின் உறுதி முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வுறுதி வெல்வதற்கு வேண்டிய காலத்தைப் பணமின்மையே தந்தது எனக் கொள்ளலாம்.

6. லாட்டரியும் வார்ப்பும்

மேயர் பதவியில் இல்லாத ஆண்டுகளிலும் தெவாவ்ரேன் இம்முயற்சியைக் கைவிடவில்லை. 1890-களில் அது மீண்டும் உயிர்பெற்றது. பொது நன்கொடை போதாத நிலையில் லாட்டரி நடத்தும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரான்சில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் லாட்டரிகளைத் தடைசெய்திருந்தது. அறப்பணிக்கும் கலை வளர்ச்சிக்கும் மட்டும் அனுமதியுடன் நடத்த விலக்களித்தது. இவ்விலக்கின்கீழ் 1894-இல் லாட்டரிக்கு ஏற்பாடாயிற்று. சீட்டுகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. எஞ்சிய பற்றாக்குறையை நிரப்ப அரசின் நுண்கலைத் துறை உதவித்தொகை வழங்கியது.

ஆக, உள்ளூர்ப் பற்றால் ஈந்தவர், பரிசை நாடிச் சீட்டு வாங்கியவர், அரசு என மூவகைப் பணம் இச்சிலையில் கலந்துள்ளது. பாரிஸின் லெப்லான்-பார்பெதியேன் வார்ப்பகம் 1895-இல் தொகுதியை வெண்கலத்தில் வார்த்தது.

7. பீடம் யாருடையது?

வடிவத்தைத் தம் விருப்பப்படி காத்துக்கொண்ட ரோடின் இடத்தைக் காத்துக்கொள்ள இயலவில்லை. சிலையை எங்கே, எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது நகராட்சியின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ரோடினிடம் இரு கருத்துகள் இருந்தன. ஒன்று, வானப் பின்னணியில் துலங்குமாறு மிக உயரத்தில் நிறுத்துவது. மற்றொன்று, பழைய நகர மன்றத்தின் முன் தரைக் கற்களின் மீதே, பீடமின்றி, ஒருவர்பின் ஒருவராக நிறுத்துவது. பின்னதை 1911-இல் வெளியான உரையாடல் நூலில் அவர் விளக்கியுள்ளார். அன்றாடம் அவ்வழியே செல்லும் மக்கள் அவ்வுருவங்களோடு தோள் உரசி நடந்தால் முன்னோருடன் தமக்குள்ள உறவை ஆழமாக உணர்வர் என்பது அவர் கருத்து.

1895 ஜூன் 3-ஆம் நாள் சிலை திறக்கப்பட்டபோது இவ்விரண்டும் நடக்கவில்லை. ரிஷ்லியூ சதுக்கத்தில், பூங்காவின் முன், வழக்கமான நினைவுச் சின்னங்களுக்குரிய பீடத்தின் மேல், இரும்பு வேலியால் சூழப்பட்டு அது நின்றது. குழு 1885-இல் கேட்டுப் பெறாத உயர்வைப் பீடத்தின் வாயிலாகப் பெற்றுக்கொண்டது எனலாம்.

ரோடின் 1917-இல் மறைந்தார். 1924-இல் சிலை பழைய நகரின் ஆர்ம் சதுக்கத்திற்கு மாற்றப்பட்டுத் தாழ்ந்த தளத்தில் நிறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பழைய நகரம் பெரும்பாலும் அழிந்தது, சிலை தப்பியது. 1945-இல் அது புதிய நகர மன்றக் கட்டடத்தின் முன் இடம்பெற்றது. பழைய கலேக்கும் சேன் பியேருக்கும் இடையே, இரு பகுதிகளின் இணைப்பைக் காட்டும் வகையில் எழுப்பப்பட்ட கட்டடம் அது.

முடிவுரை

‘கலே நகரப் பெருமக்கள்’ வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, நிதி திரட்டும் முறை வெறும் கணக்கு அன்று. யாருக்குக் கருத்துரைக்கும் உரிமை உண்டு என்பதை அதுவே வரையறுக்கிறது. இரண்டு, நிதித் தடை படைப்பைத் தாமதப்படுத்தும் அதே வேளையில் அதைக் காக்கவும் கூடும். மூன்று, சிற்பத்தின் வடிவம் முடிந்த பின்னும் அதன் பொருள் முடிவதில்லை; பீடமும் இடமும் அப்பொருளைத் தொடர்ந்து மாற்றுகின்றன.

தன் பழம்பெருமையைக் காட்டும் ஒற்றை நாயகனைக் கேட்ட நகரம், அஞ்சி நடக்கும் ஆறு மனிதர்களைப் பெற்றது. அவர்களைத் தரைக்கு அருகில் இறக்கி நிறுத்த அதற்கு மேலும் இருபத்தொன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. இரண்டு ஊர்கள் இணைந்த காலத்தில் கருக்கொண்ட சிலை, அவ்விரு ஊர்களும் சந்திக்கும் இடத்தில் இன்று நிற்கிறது. 1884-இன் குழு இவ்விடத்தைத் திட்டமிடவில்லை. ஆயினும் அது தொடங்கிய பணி அறுபத்தொரு ஆண்டுகளுக்குப் பின் இங்குதான் நிறைவுற்றது.