சிறுவர் அறிவுநூல் வரிசைகள்

சிறுவருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரே பெயரில், ஒரே அளவில், ஒரே அமைப்பில் தொடர்ந்து வெளியாகும் புனைவல்லாத நூல்களின் தொகுதியை அறிவுநூல் வரிசை என்கிறோம். பாடநூலைப் பள்ளி தேர்ந்தெடுக்கிறது. அறிவுநூலைப் பெற்றோரும் நூலகரும், வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கலைக்களஞ்சியத்தில் யானைக்குச் சில பத்திகள் கிடைக்கும். இத்தகைய வரிசையில் யானைக்கென்றே ஒரு நூல் கிடைக்கும்.

புத்தகக் காட்சிகளில் இவை பெரும்பாலும் கட்டாகவே விற்பனைக்கு வருகின்றன. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதும், அலமாரியில் ஒரே சீராக நிற்கும் அழகும் வாங்குவோரை இழுக்கின்றன. ஆனால் ஒரு வரிசையின் நூல்களை எழுதுவோர் பலர்; அவை எழுதப்பட்ட காலங்களும் பல. பறவை நூலை எழுதியவர் ஆயுள் முழுவதும் பறவைகளோடு பழகியவராக இருப்பார். பக்கத்தில் நிற்கும் விண்வெளி நூல் பதிப்பக மேசையிலேயே தொகுக்கப்பட்டதாக இருக்கும். நூலின் அளவுக்கும் அமைப்புக்கும் மட்டுமே வரிசையின் பெயர் உறுதி தருகிறது. உள்ளிருக்கும் செய்திக்கு ஒவ்வொரு நூலாகத்தான் உறுதி தேட வேண்டும். இந்தத் துறையின் வரலாறு நெடுகிலும் இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன.

லேடிபேர்ட் நூல்கள்

இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் இயங்கிய வில்ஸ் அண்ட் ஹெப்வொர்த் என்ற அச்சகம் முதல் உலகப்போர்க் காலத்திலேயே லேடிபேர்ட் என்ற பெயரில் சிறுவர் நூல்களை அச்சிடத் தொடங்கியது. அவை பெரும்பாலும் கதையும் பாட்டும். இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல், 40 அங்குல நீளமும் 30 அங்குல அகலமும் கொண்ட ஒற்றைத் தாளில் முழு நூலையும் அச்சிட்டு, மடித்து வெட்டி, 56 பக்கச் சிறு நூலாக்கும் முறையை அந்த அச்சகம் கைக்கொண்டது. தாள் வீணாகவில்லை, விலையும் அடங்கியது. போருக்குப் பின்னும் அந்த அளவே நிலைத்தது. இரண்டரை ஷில்லிங் என்ற விலை 1971 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் மாறாமல் இருந்ததற்கு இந்த அச்சுமுறையே முதன்மையான காரணம்.

விற்பனைப் பிரதிநிதியாக இருந்து பதிப்பாசிரியரான டக்ளஸ் கீன் அதே வடிவில் அறிவுநூல்களை வெளியிடலாம் என்று கண்டார். பறவைகள் பற்றிய மாதிரி நூல் ஒன்றை அவரே உருவாக்கி நிறுவனத்தாரிடம் காட்டினார். 1953-இல் பிரிட்டனின் பறவைகளும் அவற்றின் கூடுகளும் பற்றிய நூல் வெளிவந்தது. எழுதியவர் இயற்கையியலாளர் பிரையன் வெசி-ஃபிட்ஜெரால்ட். வரைந்தவர் ஆலன் சீபி. இடப்பக்கம் எளிய உரை, வலப்பக்கம் முழுப்பக்க வண்ண ஓவியம் என்ற அமைப்பில் 24 பறவைகள் ஒவ்வொன்றாக வந்தன. படமும் சொல்லும் ஒரே விரிப்பில் எதிரெதிரே நின்றதால், படித்த வரியைப் படத்தில் தேடிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்குத் தானாகவே வந்தது. பிற்காலச் சிறுவர் நூல்கள் பலவற்றில் இந்த எளிய ஒழுங்கு கைவிடப்பட்டது பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

அந்த வடிவத்தின் உச்சம் 1959 முதல் 1961 வரை வெளிவந்த நான்கு பருவகால நூல்கள். கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் ஒவ்வொன்றிலும் வயலிலும் வேலியோரத்திலும் நீர்நிலையிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை கிராண்ட் வாட்சன் எழுத, சார்லஸ் டனிக்ளிஃப் வரைந்தார். டனிக்ளிஃப் பண்ணையில் வளர்ந்தவர். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் குடியேறிப் பறவைகளை அளந்து வரைந்தவர். அவர் தீட்டிய ஒரு பக்கத்தில் உழவனும் ஏரும், பின்னால் பறந்து வரும் பறவைக் கூட்டமும், முன்னால் ஒரு செடியும் சேர்ந்தே இருக்கும். பெயர்ப் பட்டியலாகச் சுருங்காமல், ஒரு பருவத்தில் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று இணைந்து நடக்கின்றன என்பதைக் கண்முன் நிறுத்தும் ஓவியங்கள் அவை.

இவ்வளவு சிறந்த நூல்களும் அந்த நாட்டுக்குரியவை. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து ஐப்பசியில் வானம் பார்க்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு அவற்றின் ஓவியம் இன்பம் தரும், கவனிக்கக் கற்றுத்தரும், ஆனால் வாசலில் இறங்கி ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடைக்காது. இயற்கை நூலைத் தேர்வோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்தியாவில் நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலயம் வரிசைக்காக ஜமால் ஆரா எழுதிய பறவை நோக்கல் நூல், அச்சிலும் தாளிலும் லேடிபேர்ட் நூல்களுக்கு ஈடில்லாவிட்டாலும், நம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். அதில் வரும் பறவைகள் நம் கூரைக்கும் மரத்துக்கும் வருபவை.

அதே லேடிபேர்ட் 1956-இல் ஆல்ஃபிரெட் மன்னனைப் பற்றிய நூலோடு ஒரு வரலாற்று வரிசையைத் தொடங்கியது. எழுதியவர் நாடகாசிரியர் டு கார்ட் பீச். நடை விறுவிறுப்பானது, ஜான் கென்னியின் ஓவியங்கள் மறக்க முடியாதவை. ஆனால் கொலம்பஸும் கேப்டன் குக்கும் லிவிங்ஸ்டனும் அங்கே கடல் கடந்த வீரர்களாகவே நிற்கிறார்கள். அவர்கள் போய் இறங்கிய நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் பக்கத்திலிருந்து யாரும் பேசுவதில்லை. பக்கக் கணக்கும் இதில் ஒரு பங்கு வகித்தது. எல்லாப் பொருளுக்கும் 24 பக்க உரை என்றால், ஒரு பறவைக்கு அது தாராளம். ஒரு கண்டத்தின் வரலாற்றுக்கு அதில் வீரனையும் வெற்றியையும் தவிர வேறெதற்கும் இடமில்லை. தாளின் அளவு நூலின் அளவைத் தீர்மானித்தது. நூலின் அளவு வரலாற்றைக் கத்தரித்தது.

எந்திரங்கள் இயங்கும் விதத்தை விளக்கிய வரிசை இன்னொரு பாடம் தருகிறது. 1965-இல் மோட்டார் காரோடு தொடங்கிய அவ்வரிசையில், டேவிட் கேரி எழுதிய கணினி நூல் 1971-இல் வந்தது. அறையை நிறைத்த பெட்டிகளும் துளையிட்ட அட்டைகளும் கொண்ட கணினி அது. எட்டே ஆண்டுகளில், 1979-இல், அதே தலைப்பில் திருத்திய பதிப்பு தேவைப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் தலைப்பு ஒன்று, பொருள் வேறு என்று தோன்றும். பழைய புத்தகக் கடையில் லேடிபேர்ட் வாங்குவோர் பருவகால நூல்களை ஆண்டு பார்க்காமல் வாங்கலாம். கணினி நூலைத் தொழில்நுட்ப வரலாறாக மட்டுமே வாங்கலாம். 2017-இல் தொடங்கிய லேடிபேர்ட் எக்ஸ்பர்ட் என்ற வரிசை பழைய தோற்றத்திலேயே வந்தாலும் பெரியவர்களுக்கானது. குவாண்டம் இயக்கவியலும் பரிணாமமும் அதன் பொருள்கள். அட்டையைப் பார்த்து எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிவிடக் கூடாது.

ஐவிட்னஸ்

1974-இல் லண்டனில் நிறுவப்பட்ட டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் 1988-இல் ஐவிட்னஸ் வரிசையைத் தொடங்கியது. தூய வெண்மையான பக்கத்தில், பின்னணி ஏதுமின்றி, ஒரு பொருளின் ஒளிப்படம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சிறு குறிப்பு. பறவை, எலும்புக்கூடு, பாறையும் கனிமமும் என்று வந்த தொடக்க நூல்களுக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்புகள் துணைநின்றன. ஓர் இறகையோ முட்டையையோ அருங்காட்சியக மேசையில் வைத்து அருகே குனிந்து பார்ப்பது போன்ற அனுபவத்தை இவ்வரிசை பொதுமக்களுக்குத் தந்தது. உலகெங்கும் சிறுவர் நூல்களின் தோற்றம் இதற்குப் பின் மாறிவிட்டது.

இதன் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு விரிப்பும் தனித்து நிற்பதால் எங்கே திறந்தாலும் படிக்கலாம். வாசிப்பில் தயங்கும் பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் காரணத்திலிருந்து விளைவுக்கு, தொடக்கத்திலிருந்து முடிவுக்குக் கைப்பிடித்துச் செல்லும் உரை கிடையாது. எரிமலையின் உட்பகுதிகளின் பெயர்களை அறிந்த பிள்ளை, அது ஏன் அங்கே இருக்கிறது, வேறிடத்தில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வேறு நூலைத் தேட வேண்டியிருக்கும். பத்து வயது வரை இந்த வகை போதும். அதன் பின்னும் துணுக்குகளிலேயே நிற்கும் வாசகருக்குத் தொடர் உரை கொண்ட நூல்களை மெல்ல அறிமுகப்படுத்த வேண்டும்.

கதையும் உண்மையும்

வாழ்க்கை வரலாற்று வரிசைகளில் பெரிய சிக்கல் கற்பனை உரையாடல். அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் நிறுவனம் 1932-இல் தொடங்கிய வரிசை, புகழ்பெற்ற அமெரிக்கர்களின் குழந்தைப் பருவத்தைக் கதையாகச் சொன்னது. லிங்கன் சிறுவனாக இருந்தபோது தாயோடு என்ன பேசினார் என்பதெல்லாம் மேற்கோள் குறிக்குள் வந்தது. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆவணம் கிடையாது. 1950 முதல் 1970 வரை ராண்டம் ஹவுஸ் வெளியிட்ட லேண்ட்மார்க் வரிசை இதைவிட ஒரு படி மேலே. அந்நிறுவனத்தின் பென்னட் செர்ஃப் சிறுவர்நூல் ஆசிரியர்களோடு நிற்காமல், பெர்ல் பக், சி. எஸ். ஃபாரஸ்டர், வில்லியம் ஷைரர் போன்ற பெரிய எழுத்தாளர்களிடமும் சிறுவருக்கு எழுதக் கேட்டார். 180-க்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. எழுதுபவரின் குரல் ஒவ்வொன்றிலும் கேட்கும். 1973-இல் பால் ரெவீரைப் பற்றி எழுதிய ஜீன் ஃபிரிட்ஸ், ஆதாரமில்லாத ஒரு பேச்சையும் யார் வாயிலும் வைக்காமலே சிறுவர் வாழ்க்கை வரலாற்றைச் சுவையாக எழுத முடியும் என்று காட்டினார். காந்தியோ பாரதியோ அம்பேத்கரோ, அவர்களைப் பற்றிய நூலைக் கையில் எடுத்ததும் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். சிறுவயதுப் பேச்சுகள் பக்கம் பக்கமாக இருந்தால் அதைக் கதையாகக் கொடுக்கலாம், வரலாறாகக் கொடுக்கலாகாது.

கற்பனையே கூடாது என்பதில்லை. ஜோவன்னா கோல் எழுத, புரூஸ் டீகன் வரைந்து, 1986-இல் நீர்த்தேக்கத்துக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சென்ற பயணத்தோடு தொடங்கிய மாயப் பள்ளிப் பேருந்து வரிசையில் பிள்ளைகள் நீர்த்துளிக்குள் புகுந்து பயணிக்கிறார்கள். எது மெய், எது வேடிக்கை என்பதை நூலின் கடைசியில் ஆசிரியரே பிரித்துச் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை உள்ள வரிசைக்கு எவ்வளவு கற்பனை இருந்தாலும் பயமில்லை.

அறிவியல் நூலின் ஆண்டு

விண்வெளி நூலில் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று இருந்தால், அது சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்துவதற்கு முன் எழுதப்பட்டது. நிலவின் தென்துருவப் பகுதியைப் பற்றிய பக்கத்தில் 2023 ஆகஸ்டு 23-இல் இறங்கிய சந்திரயான்-3 இல்லையென்றால் அந்தப் பதிப்பு அதற்கு முந்தையது. டைனோசர் நூலில் சிறகிழை கொண்ட டைனோசர் ஒன்றுகூட இல்லையென்றால் எச்சரிக்கை வேண்டும். சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ் 1996-இல் வெளிச்சத்துக்கு வந்ததிலிருந்து அந்தப் படங்கள் மாறிவிட்டன. அட்டை புதிதாக இருந்தும் உள்ளே பழைய உரையே இருப்பது வழக்கம். ஆகவே மறுஅச்சு ஆண்டைவிடத் திருத்திய பதிப்பின் ஆண்டே முக்கியம்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல், முடிந்த முடிவுகளைவிட அவை எப்படிக் கிடைத்தன என்பதில் ஆர்வம் திரும்புகிறது. சை மான்ட்கோமரி பாம்பு ஆய்வாளர் ஒருவரோடு களத்துக்குச் சென்று எழுதிய நூல் 1999-இல் வந்தது. அது இடம்பெற்ற, களத்தில் இருக்கும் விஞ்ஞானிகளைப் பற்றிய அமெரிக்க வரிசை இதற்கு ஏற்றது. இன்னும் விடை கிடைக்காத கேள்விகளையும் அது மறைப்பதில்லை. பதினாறு வயதில் ஆங்கிலம் கைவந்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1995 முதல் வெளியிடும் மிகச் சுருக்கமான அறிமுகங்கள் வரிசைக்கே போய்விடலாம்.

தமிழில்

தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அகரவரிசையில் அமைந்ததால் இது வரிசை நூல் வகையைச் சேராது. எனினும் தமிழில் சிறுவருக்கு அறிவியலைச் சிதைக்காமல் எளிமையாக எழுதுவது எப்படி என்பதற்கு இன்றும் இதுவே அளவுகோல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இதைப் படிக்கலாம். செய்திகளைப் புதுப்பித்துக்கொண்டு படிக்க வேண்டும். நடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இதழ், அறிவியலை மாதந்தோறும் பிள்ளைகளிடம் கொண்டுசெல்கிறது. நூல் வரிசைகளில் மொழிபெயர்ப்புகளே மிகுதி. அவற்றை வாங்குமுன் இரண்டு பக்கங்களை உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. ஒரே வரிசையின் இரு நூல்களில் ஒரே கருத்துக்கு இரு கலைச்சொற்கள் வந்தால் பிள்ளை குழம்பும். பள்ளிப் பாடநூலின் சொல்லோடு ஒத்துப்போனால் தெளியும். படங்களை அப்படியே எடுத்து, அவற்றிலுள்ள ஆங்கிலக் குறிப்புகளை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்ட பதிப்புகளும் உண்டு. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எழுதியவர் பெயர் தெரியாத நூலையும், ஓவியர் பெயர் போடாத நூலையும், இருநூறு பக்கம் இருந்தும் சொல்லடைவு இல்லாத நூலையும் நூலகங்கள் வாங்காதிருப்பது நல்லது. பெற்றோர் முழுக் கட்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் பிள்ளை கேட்ட பொருளில் ஒரே ஒரு நூலை வாங்குங்கள். அதை முடித்துவிட்டு அடுத்ததைப் பிள்ளையே கேட்டால், அப்போது அந்த வரிசையின் இரண்டாம் நூலை எடுத்து, எழுதியவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு என்று மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள்.