இணைவுமுறையும் பல்கலைக்கழகச் சீர்திருத்தத் திட்டங்களும்: மதிப்பீட்டு நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

பல்கலைக்கழகங்களை நவீனப்படுத்தும் நோக்குடன் இந்தியாவில் அரசுகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குழுக்களை அமைத்தும் திட்டங்களை வகுத்தும் வந்துள்ளன. இத்திட்டங்கள் பெரும்பாலும் செலவிட்ட தொகை, எழுப்பிய கட்டடம், தொடங்கிய துறை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. இவ்வகை மதிப்பீடு, திட்டம் நிறைவேறியதா என்பதைக் காட்டும்; பல்கலைக்கழகம் மாறியதா என்பதைக் காட்டாது. இரண்டையும் பிரித்தறிய நீண்டகால அளவுகோல் ஒன்று தேவை. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், பட்டம் வழங்குதல் ஆகியவை பல்கலைக்கழகத்திடமும் கற்பித்தல் கல்லூரிகளிடமும் இருக்கும் ஏற்பாடே இணைவுமுறை. பல அறிக்கைகள் மீண்டும் மீண்டும் குறையாகச் சுட்டிய இம்முறையை அளவுகோலாகக் கொண்டு, சீர்திருத்த முயற்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைவுமுறையின் தோற்றம்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அப்போதைய இலண்டன் பல்கலைக்கழகமே இவற்றுக்கு முன்மாதிரி. அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாக இருந்தது. கற்பிக்கும் அமைப்பாக இருக்கவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இலண்டன் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாற வழி பிறந்தது. இந்தியாவில் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம், கற்பித்தலுக்கு இடமளித்தபோதிலும், கல்லூரிகளின் மீதான பல்கலைக்கழகக் கண்காணிப்பை இறுக்கியது. முன்மாதிரி மாறிய பின்னரும் அதன் பழைய வடிவம் இங்கு நிலைபெற்றது.

சாட்லர் குழுவின் கண்டறிதல்

1917இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைக்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு, 1919இல் 13 தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. வினாநிரல்வழிக் கருத்துகளைத் திரட்டியும் கல்லூரிகளை நேரில் கண்டும் அக்குழு செயல்பட்டது. வங்காளத்தில் பட்டப்படிப்பு நோக்கிப் பயின்ற ஏறத்தாழ 26,000 மாணவர்களில் 22,000க்கும் மேற்பட்டோர் இலக்கியம் சார்ந்த பாடங்களையே பயில்வதை அது எடுத்துக்காட்டியது. பல்கலைக்கழகத்தை மட்டும் தனித்து நோக்காமல், பள்ளிக்கல்வியின் தரம், இடைநிலை வகுப்புகள், ஆசிரியர் நிலை, அரசின் தலையீடு ஆகியவற்றையும் அது வினாவுக்கு உட்படுத்தியது. மதிப்பிடப்படுவோர் வரிசையில் அரசும் இருந்தது என்பது இக்குழுவின் தனிச்சிறப்பு.

கற்பிக்கும் ஒருமைப் பல்கலைக்கழகங்களே தீர்வு என்பது இக்குழுவின் நிலைப்பாடு. டாக்காவில் 1921இல் அத்தகைய பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கியது. தமிழகத்தில் 1929இல் சிதம்பரத்தில் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஒருமை உறைவிட வகையைச் சார்ந்தது. எனினும் பழைய பல்கலைக்கழகங்கள் இணைவுக் கல்லூரிகளைக் கைவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஆய்வையும் கற்பித்தலையும் விரிவாக்கியபோதும் இணைவுப் பணியைத் தொடர்ந்தது. புதியது பழையதன் அருகில் எழுந்ததேயன்றி, அதன் இடத்தைப் பெறவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய பரிந்துரைகள்

இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு (1948-49), முற்றிலும் இணைவு வகையிலான பல்கலைக்கழகம் இருத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. கோத்தாரி கல்விக்குழு (1964-66) தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்க வலியுறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, உயராய்வு மையத் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல், கடல் உயிரியல் துறைகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையும் இத்திட்டத்தால் வளம்பெற்றன. துறை அளவில் இவை குறிப்பிடத்தக்க வெற்றிகள். ஆயின் மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் பயின்ற இணைவுக் கல்லூரிகளை அவை தொடவில்லை.

தமிழகத்தின் இரு அனுபவங்கள்

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு இரு வேறு நிகழ்வுகளுக்கு உரியது. சென்னை இலயோலாக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன அவ்வாண்டில் தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே பாடத்திட்டம் வகுத்து வினாத்தாளும் அமைக்கும் உரிமை இதனால் கிட்டியது. தன்னாட்சிக் கல்லூரிகள் மிகுந்த மாநிலமாகத் தமிழகம் பின்னர் விளங்கியது.

அதே ஆண்டில் கிண்டிப் பொறியியல் கல்லூரி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களை இணைத்து அண்ணா பல்கலைக்கழகம் ஒருமை வகையில் நிறுவப்பட்டது. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. பின்னர் அது மண்டலவாரியாகப் பிரிக்கப்பட்டு, 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. தேசிய அறிக்கைகள் இணைவுமுறையிலிருந்து விலகுமாறு கூறிய காலத்தில் ஒருமைப் பல்கலைக்கழகம் ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்தது. கலை, அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை, மதுரை (1966), பாரதியார், பாரதிதாசன் (1982) எனப் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவற்றால் சுமை பகிரப்பட்டது, அமைப்பு மாறவில்லை.

ரூசாவும் நிதியின் திசையும்

2013இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி இயக்கமாகிய ரூசா, மாநிலப் பல்கலைக்கழகங்களை மையமாகக் கொண்டது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புதல், மாநில உயர்கல்வி மன்றம் அமைத்தல், இணைவுமுறைச் சீர்திருத்தம் ஆகியவற்றை அது மாநிலங்களுக்கு நிபந்தனைகளாக விதித்தது. அவ்வகையில் அரசையும் பொறுப்பாக்கிய சாட்லர் மரபு அதில் புத்துயிர் பெற்றது எனலாம். ஆனால் பல்கலைக்கழகத்திற்கு 20 கோடி, கல்லூரிக்கு 2 கோடி ரூபாய் என வழங்கப்பட்ட உட்கட்டமைப்பு மானியம் புதிய கட்டுமானம், புதுப்பித்தல், கருவிகள் என்னும் இனங்களுக்கு 35:35:30 விகிதத்தில் வகுக்கப்பட்டது. இவை எளிதில் எண்ணத்தக்கவை. பயன்பாட்டுச் சான்றிதழில் இடம்பெறத்தக்கவை.

இணைவுமுறை நீடிப்பதன் பொருளியல் காரணம் வேறிடத்தில் உள்ளது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் சொந்த வருவாயில் தேர்வுக் கட்டணமும் இணைவுக் கட்டணமும் பெரும்பங்கு வகிக்கின்றன. கல்லூரிகள் விலகினால் இவ்வருவாய் குறையும். ஆசிரியர் ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க இவ்வருவாயை நாடும் பல்கலைக்கழகம், சீர்திருத்தத்தை விரும்பினும் அதன் விலையைத் தாங்க இயலாது. இவ்விழப்பை ஈடுசெய்யாமல் கட்டடத்திற்கு நிதி வழங்கும் திட்டம், நோயைக் கண்டறிந்தும் வேறு உறுப்புக்கு மருந்திடுகிறது.

முடிவுரை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 1,168 பல்கலைக்கழகங்களையும் 45,473 கல்லூரிகளையும் பதிவு செய்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை, 15 ஆண்டுகளில் இணைவுமுறையைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்கிறது. 1919இல் கண்டறியப்பட்ட குறைக்கு 2020இல் புதிதாகக் காலக்கெடு விதிக்கப்படுவதே இடைப்பட்ட திட்டங்களைப் பற்றிய மதிப்பீடாகிறது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று வரையறைகள் பெறப்படுகின்றன. முந்தைய திட்டம் எதை நிறைவேற்றாமல் விட்டது என்பதிலிருந்து புதிய மதிப்பீடு தொடங்க வேண்டும். பல்கலைக்கழகம் பெற்ற புள்ளிகளோடு, பணியிடம், மானியம் குறித்து அரசு அளித்த உறுதியும் அளக்கப்பட வேண்டும். நிதியாண்டு முடிவில் அன்றி, திட்டம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்வு தொடர வேண்டும். சிற்றூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர், தாம் கற்பித்ததற்குத் தாமே வினா அமைக்கும் நிலை வந்துள்ளதா என்பது எந்தப் படிவத்திலும் இன்று கேட்கப்படுவதில்லை. அவ்வினா இடம்பெறும் மதிப்பீடே பல்கலைக்கழகத்தின் மாற்றத்தை அளந்ததாகும்.