பிரெஸ்டன் நகரத்துப் பந்தாட்டப் பெண்கள்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், விளையாட்டுப் பாடவேளை வந்துவிட்டால் மைதானமும் பந்தும் மாணவர்களுக்கு, மாணவியருக்கு வேப்பமரத்தடி. இந்த ஏற்பாட்டை முதலில் வகுத்தவன் நான் அல்லேன். ஆனால் ஆண்டுதோறும் கால அட்டவணையில் கையொப்பமிட்டவன் நானே. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, எங்களுக்கு மைதானம் எப்பொழுது கிடைக்கும்?” என்று கேட்டாள். “பார்க்கலாம் அம்மா” என்றேன். அவள் படித்து முடித்துச் செல்லும்வரை நான் பார்க்கவேயில்லை. ஓய்வு பெற்ற பின்னர், இங்கிலாந்து நாட்டுப் பெண்கள் கால்பந்துக் கழகம் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது அக்கேள்வி மீண்டும் என் செவியில் ஒலித்தது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பகுதியில், பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது பிரெஸ்டன் நகரம். அங்கே டிராம் வண்டிகளும் இரயில்வேத் தளவாடங்களும் செய்துவந்த ‘டிக் கெர்’ தொழிற்சாலை, முதல் உலகப் போரின்போது வெடிகுண்டுகள் செய்யலாயிற்று. ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால் பெண்கள் வேலைக்கு வந்தனர். ஓய்வு வேளையில் பந்து உதைத்துப் பழகினர். அலுவலகத்தில் பணியாற்றிய ஆல்பிரட் பிராங்க்லண்ட் என்பவர் அவர்களுடைய திறமையைக் கண்டு ஓர் அணியாகத் திரட்டினார். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் முன்னிலையில், வேறொரு தொழிற்சாலையின் பெண்கள் அணியை 4–0 என்ற கணக்கில் இவர்கள் வென்றனர். வசூலான தொகை, காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது.

1920இல் பிரெஞ்சுப் பெண்கள் அணி இங்கிலாந்துக்கு வந்தது. நான்கு ஆட்டங்களில் பிரெஸ்டன் அணி இரண்டில் வென்று, ஒன்றில் சமன் செய்து, ஒன்றில் தோற்றது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு ஆடியபோது 53,000 பேர் திரண்டனர். இடமின்றிப் பல்லாயிரவர் வெளியே நின்றனர். இரயிலைத் தவறவிட்டமையால் சிறந்த கோல் வீராங்கனையான புளோரி ரெட்போர்டு வந்துசேரவில்லை. பின்வரிசையில் காவல் நிற்கும் தலைவி ஆலிஸ் கெல் முன்வரிசைக்கு மாறி, தாமே மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் 4–0 என்று முடிந்தது. அறப்பணிக்கு 3,115 பவுண்டு சேர்ந்தது.

1921இல் மட்டும் இவர்கள் 67 ஆட்டங்கள் ஆடினர். அவற்றைக் கண்டவர்கள் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர். இத்தகைய அணியை யார் வெல்ல முடியும்?

ஆடுகளத்தில் வெல்வது அரிதாயிற்று. ஆயின் அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று. வசூல் பணத்தில் மிகுதியான பங்கு செலவுக்குப் போகின்றது. ஆகவே சங்கத்தைச் சார்ந்த கழகங்கள் தம் மைதானங்களைப் பெண்களுக்குத் தரலாகாது என்பது அதன் சாரம். ஆட்டத்தையே ஒழிக்கும் அதிகாரம் சங்கத்திற்கு இல்லை. ஆனால் மைதானத்தின் வாயிலை அடைத்தாலே போதுமானதாக இருந்தது. பெரிய மைதானம் இல்லையேல் பெருங்கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையேல் வசூல் இல்லை. நாளடைவில் ஆட்டத்தின் நினைவே மங்கிவிடும். தடை வேலை செய்த முறை இதுதான்.

பிரெஸ்டன் பெண்கள் அடங்கிவிடவில்லை. 1922இல் கப்பலேறிக் கனடா சென்றனர். அங்கும் அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவுக்குச் சென்று, ஆடவர் அணிகளோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடி, மூன்றில் வென்று, மூன்றில் சமன் செய்து, மூன்றில் தோற்றனர். 1926இல் ‘பிரெஸ்டன் மகளிர் அணி’ என்று பெயர் மாறிற்று. கிடைத்த திடல்களில் ஆடி, 1965 வரை கழகம் நிலைத்தது. 833 ஆட்டங்களில் 759 வெற்றி, 46 சமன், 28 தோல்வி என்பது அதன் கணக்கு. பதினான்கு வயதில் சேர்ந்த லில்லி பார், மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்துகொண்டே 1951 வரை ஆடினார்.

தடை நீங்கியது 1971இல். அதற்காகச் சங்கம் 2008இல் வருத்தம் தெரிவித்தது. 1978இல் மறைந்த லில்லி பாருக்கு அது கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில், வெம்பிளி மைதானத்தில் 87,192 பேர் பார்த்திருக்க, இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை வென்றனர்.

மாணவர்களே, தீர்மானம் எழுதிய பெரியவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கம் எதுவோ அதுவே முறை என்று நம்பிக் கையொப்பமிட்டவர்கள் அவர்கள். நானும் அவ்வாறே கையொப்பமிட்டேன். என் மாணவி கேட்டது ஒரு பாடவேளை. அதைத் தர எனக்குத் தடையேதும் இருந்ததில்லை. உங்களுள் பலர் நாளை அதிகாரியாகவோ ஆசிரியராகவோ அமர்வீர்கள். உங்கள் மேசைக்கு வரும் பழைய அட்டவணையில் யாருடைய பெயர் இல்லை என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.